கை நீட்டக் கூடாத ஜன்னல்

என் வேன் பல வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு கருவடிக்குப்பத்துக்கும் டவுனுக்கும் ஓடியது. வண்டி பழசாகிவிட்டது என்று பள்ளியில் வேறு வேன் வைத்துக்கொண்டார்கள். விற்க மனசு வரவில்லை. சீட்டையெல்லாம் கழற்றி, பலகை அடித்து, ஃபோம் மெத்தை போட்டேன். வேளாங்கண்ணிக்குப் போவோம், வண்டியிலேயே படுத்துக்கொள்வோம் என்று எண்ணம்.

போக வேண்டும் என்பது என் வீட்டுக்காரியின் ஆசை. பெரிய மார்க்கெட்டில் பூ விற்கிறாள். அவளுக்கு வீசிங் உண்டு. லாட்ஜ் ரூமில் அடைபட்ட வாடை பட்டாலே இழுக்க ஆரம்பித்துவிடும். ஒரு தரம் பாதிப் பயணத்தில் திரும்பி நேரே கோரிமேடு ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். அதிலிருந்து வெளியூரில் தங்குவது என்றாலே தலையை ஆட்டிவிடுவாள்.

"உன் வண்டியில ஒரு மத்தியானம் மூச்சு முட்டாம தூங்கிட்டேன்னு வையி, அப்புறம் வரேன்" என்றாள்.

நான் எட்டாவதோடு நின்றவன். படிப்புதான் நின்றது, கவலைப்படுவது நிற்கவில்லை. கூரையில் ஓட்டை போட்டு, உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளுகிற சின்ன ஃபேன் வைத்தேன். மழை வந்தால்? மேலே குடை மாதிரி தகர மூடி. கொசு வந்தால்? ஜன்னலுக்கு வலை. அது கிழிந்தால்? அதன்மேல் இன்னொரு வலை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, சாப்பிட்டு, வீட்டுக்கு எதிரே வேப்பமர நிழலில் நின்ற வண்டியில் ஏறிப் படுத்தாள். கொஞ்ச நேரத்திலேயே முந்தானையால் விசிறிக்கொண்டு இறங்கினாள். நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. நான் ஓடிப்போய் வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன்.

"ஃபேன் ஓடுதே!"

"ஓடுது, சத்தத்துக்குக் கொறச்சல் இல்ல. யோவ், வெளிய தள்ளணும்னா உள்ள வரணுமில்ல? எது வழியா வரும்? ஜன்னலத் தொற."

திறந்துதான் இருந்தது, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு. அதற்கு மேல் நகராது. நானே முடுக்கிய ஸ்க்ரூ. பிள்ளைகள் கையை நீட்டும், தலையை நீட்டும், பஸ் உரசிக்கொண்டு போகிற ரோடு என்று வண்டி வாங்கிய புதிதிலேயே எல்லா ஜன்னல் சட்டத்திலும் முடுக்கிவிட்டேன். அப்படியும் அந்தச் சந்தில் விரலை விடுவார்கள். "கைய உள்ள வை" என்று கத்திக் கத்தியே என் தொண்டை போனது. சீட்டைக் கழற்றியவனுக்கு அந்த ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

"இங்க எந்தப் புள்ளய்யா கைய நீட்டப் போவுது? நாம ரெண்டு கெழங்கதான்."

"திருடன் கைய வுடுவான்."

"வுட்டா என் காலுதான் ஆப்டும். எடுத்துனு போவட்டும்."

துருவுக்கு எண்ணெய் விட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். எல்லா ஜன்னலையும் திறந்தும் படுக்கைக்குக் காற்று எட்டவில்லை. பூ கட்டுகிற வாழைநாரைக் கிழித்து அங்கங்கே கட்டிப் பார்த்தாள். ஃபேனுக்குப் பக்கத்து ஜன்னலில் நார் குதித்தது, தலைமாட்டில் அசையவில்லை. கிட்டத்தில் நுழைந்த காற்று அப்படியே கூரை வழியாக ஓடிக்கொண்டிருந்தது. மற்ற ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத் தலைமாட்டு ஜன்னலை மட்டும் முழுசாகத் திறந்து வைத்தேன். நார் உள்பக்கமாக நீண்டு ஆட ஆரம்பித்தது. இரண்டு வலையில் ஒன்றை உருவினேன். இன்னும் நன்றாக ஆடியது.

அடுத்த ஞாயிறு மறுபடியும் படுத்தாள். பகல்தானே என்று மிச்சமிருந்த வலையையும் சுருட்டிவிட்டாள். நான் வெளியே ஸ்டூல் போட்டு, அவள் மூச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடல்காற்று கிளம்புகிற நேரம். மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. தூக்கத்தில் புரண்டாள். ஒரு கை, வளையலோடு, ஜன்னலுக்கு வெளியே வந்து தொங்கியது.

எழுந்துவிட்டேன். "கைய உள்ள வை" வாய் வரைக்கும் வந்துவிட்டது. தெருவில் ஒரு வண்டி இல்லை. விழுங்கிக்கொண்டேன். ஆனாலும் சைக்கிள் ஏதாவது வந்தால்? ஸ்டூலைத் தூக்கி அந்தக் கைக்கு முன்னால், ரோட்டுப் பக்கமாகப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

வெயில் இறங்கிய பிறகு முதுகில் ஒரு விரல் குத்தியது.

"என்னாய்யா, காவலா?"

"நல்லாத் தூங்குனியா?"

"டீ போடு மொதல்ல. எப்ப கெளம்பறோம்?"

டயரைப் பார்க்கணும், பிரேக்கைப் பார்க்கணும் என்று சொல்லிக்கொண்டே டீ போடப் போனேன்.