ஏழு மார்க் வாங்கிய லீவ் லெட்டர்

எங்கள் பீங்கான் கம்பெனியில் கம்ப்யூட்டர் செக்‌ஷன் என்றால் நான் ஒருவன்தான். எனக்கு வந்த முதல் சோதனை, எம்.டி.க்குத் தினமும் விழுந்த லாட்டரி.

பெங்களூர் பார்ட்டி ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்க, ஆர்டரைக் காட்டலாம் என்று எம்.டி. மெயிலைத் திறந்திருக்கிறார். திரை முழுக்க லாட்டரிப் பரிசும் லேகிய விளம்பரமும். உடனே என்னைக் கூப்பிட்டார்.

"வெளிநாட்டுல எனக்குத் தெனம் லாட்டரி வுழுவுதுய்யா. ஆர்டர் எங்க இருக்குதுன்னு தேட வேண்டியிருக்குது. நாளைலேர்ந்து ஒரு குப்பை என் கண்ணுல படக் கூடாது."

சர்வரில் ஸ்பேம் ஃபில்டர் ஏற்கெனவே இருந்தது. வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் அது மார்க் போடும். தெரியாத முகவரி என்றால் ஒன்று. சப்ஜெக்ட் முழுக்கக் கேப்பிடல் எழுத்து என்றால் மூன்று. உள்ளே ஒன்றும் எழுதாமல் அட்டாச்மென்ட் மட்டும் என்றால் இன்னொரு மூன்று. வரம்பைத் தாண்டியதைக் குவாரன்டைன் என்ற தனிப் பெட்டியில் நிறுத்தி வைக்கும். அதில் நல்ல மெயில் மாட்டியிருந்தால் காலையில் நான் பார்த்து ரிலீஸ் செய்ய வேண்டும்.

வரம்பைப் பத்திலிருந்து ஐந்துக்கு இறக்கினேன். குவாரன்டைன் நிரம்பி வழிந்தது. அத்தனையையும் படிக்க எனக்குச் சோம்பல். நிறுத்தி வைக்க வேண்டாம், நேராக அழித்துவிடு என்று மாற்றிவிட்டேன். மீட்டிங்கில் எம்.டி. பாராட்டினார். ஒரு மாதம் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அப்போதுதான் விருத்தாம்பாள் வந்தார். கம்மாபுரம் பக்கத்துக்காரர், செக்கிங் செக்‌ஷனில் ஒன்பது வருஷமாக டெம்பரரி. சூளையிலிருந்து இறங்கும் பீங்கான் பியூஸ் கேரியரை விரலால் தட்டி, சத்தத்திலேயே விரிசலைக் கண்டுபிடிப்பார். அந்த வருஷம் பர்மனென்ட் லிஸ்ட்டில் அவர் பெயர் இருந்தது. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போனவர் லீவ் சொல்லவில்லை என்று பர்சனல் ஆபீசர் அதை அடித்துவிட்டார். அவரும் கூடவே வந்திருந்தார்.

"மெயில்லதான் அனுப்பணும்னு நீங்கதான சார் சட்டம் போட்டீங்க? அனுப்புனேன். பிரவுசிங் சென்டர் தம்பி இத குடுத்துச்சு" என்று அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு பிரின்ட் அவுட்டை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். சப்ஜெக்டில் கேப்பிடல் எழுத்தில் மூன்று முறை அர்ஜென்ட். உள்ளே வெறுமை. டாக்டர் சர்டிபிகேட் அட்டாச்மென்ட்டில். பஸ் ஸ்டாண்ட் பிரவுசிங் சென்டரில் எல்லாருக்கும் அப்படித்தான் மெயில் போடுவார்கள். வந்த மெயிலெல்லாம் பதிவாகும் சர்வர் லாகைத் திறந்தேன். ஒரே வரி இருந்தது: ஏழு மார்க், அழிக்கப்பட்டது.

பர்சனல் ஆபீசர் என் காதோரம் குனிந்தார். "லாகையெல்லாம் யாரு சார் பாக்கப் போறா? வரலன்னு சொல்லிடுங்க."

சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றைக்கும் தோன்றுகிறது. ஆனால் வாய் முந்திக்கொண்டது. "வந்துச்சும்மா. மிஷின் குப்பைன்னு அழிச்சிடுச்சு."

விருத்தாம்பாள் கோபப்படவில்லை. "சந்தேகமான பீஸ நாங்க ஒடனே ஒடைக்க மாட்டோம் சார். தனியா வெச்சி, இன்னொருத்தர் தட்டிப் பாத்தப்புறம்தான் ஒடைப்போம். எங்களுது வெறும் பீங்கான்தான்" என்றார்.

வெட்கமாகப் போயிற்று. லாகைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு எம்.டி. அறைக்குப் போனேன். தவறு என்னுடையது என்றேன். வேலை போய்விடும் என்று நினைத்தேன். அவர் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டுச் சொன்னார்.

"எனக்கு லாட்டரி வுழுந்தா வுழுந்துட்டுப் போவுது. அந்தம்மா பேர லிஸ்ட்ல ஏத்தச் சொல்லு."

அன்றிலிருந்து எதையும் நேராக அழித்ததில்லை. ரிட்டயர் ஆகும் வரை காலை டீயோடு குவாரன்டைனை வரிவரியாகப் படித்தேன். மிஷின் மார்க் போடட்டும், தூக்கிப் போடுமுன் ஒரு ஆள் பார்க்க வேண்டும். நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

கடைசி நாள் காலையிலும் பார்த்தேன். லாட்டரிகளுக்கு நடுவே ஒன்று, கேப்பிடல் எழுத்தில் மூன்று முறை தேங்க்ஸ். உள்ளே வெறுமை. அட்டாச்மென்ட்டில் ஒரு போட்டோ. செக்கிங் செக்‌ஷன் மொத்தமும் பிரவுசிங் சென்டர் வாசலில் நெருக்கியடித்து நின்றது, நடுவில் விருத்தாம்பாள்.

ஏழு மார்க் வாங்கியிருந்தது. ரிலீஸ் செய்தேன்.