யூட் தம்பியின் தழும்பு

1. கையெழுத்து

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஓர் ஆஸ்பத்திரியில், எங்கள் சனத்துக்கும் டாக்டர்மாருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. மெதியாத்ரிச்சே என்பார்கள். பிள்ளைப்பேறு, சீனி வருத்தம், இருதயம் என்று பதினாறு வருடங்களாக எல்லாவற்றையும் மொழிபெயர்த்தாயிற்று. ஊரிலேயே வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான். அப்படிப்பட்டவள் வாயை மூடிக்கொண்ட கதை இது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் வாசிக்கட்டும்.

ஒருநாள் சிறுநீர்ப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். போனால், உள்ளே இருந்தவர் யூட் தம்பி. மன்னார் ஆள், நாற்பத்து நான்கு வயது. லிபெர்த்தா தெருவில் ஒரு முதியவரை வீட்டோடு இருந்து பராமரிக்கிறார். அவர் மனைவியும் நானும் கோயிலில் ஒரே பாடகர் குழு. என்னைக் கண்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, திரும்பிப் போய்விடலாமோ என்று நினைத்தேன். ஆனால் தமிழுக்கு என்னை விட்டால் அங்கே வேறு ஆள் இல்லை.

அவருக்கு முன்தோல் வெள்ளையாகத் தடித்து இறுகிவிட்டது. சலம் போகும்போது எரிவு. தோலை வெட்டி எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். யூட் தரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அக்கா, சுன்னத்தோ? நாங்கள் வேதக்காரர் எல்லோ?"

யேசுநாதருக்கே எட்டாம் நாள் விருத்தசேதனம் செய்ததாக வேதத்தில் இருக்கிறதே, உங்களுக்கு என்ன வந்தது என்றேன். சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டார். அன்று முழுக்க எனக்கு என்னைப் பற்றிப் பெரிய நினைப்பு.

2. இரண்டு வசனம்

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. வீட்டுக்கு அனுப்புகிற நேரம் டாக்டர் விரல்களால் காட்டிக் காட்டி விளக்கினார். கொஞ்சத் தோலை விட்டு வைத்திருக்கிறார்கள். காயம் ஆறத் தொடங்கியதும் அந்தத் தோலைத் தினமும் மெல்லப் பின்னுக்குத் தள்ளி, உள்ளே மருந்து பூச வேண்டும். தள்ளாமல் விட்டால் தழும்பு வளையம்போலச் சுருங்கி இறுகிவிடும். இந்த வருத்தம் உள்ளவர்களுக்கு அது நடக்கக்கூடியது, கவனம் என்று இரண்டு முறை சொல்லி, எல்லாவற்றையும் இத்தாலியனில் எழுதிய கடிதத்தையும் அவரிடம் கொடுத்தார்.

யூட் என்னைப் பார்த்தார். ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிற தம்பிக்கு, எதைப் பிடித்து எப்படித் தள்ளுவது என்று நான் சொல்ல வேண்டும். எனக்கு நாக்கு எழும்பவில்லை.

"அந்த இடத்தைச் சுத்தமாய் வைச்சிருங்கோ, தம்பி. மருந்தைப் பூசுங்கோ. மிச்சமெல்லாம் கடிதத்திலை இருக்கு."

இங்கே எங்கள் வீடுகளில் இத்தாலியன் கடிதங்களை வாசிப்பது பிள்ளைகள்தான். கரண்ட் பில்லானாலும் விசாக் கடிதமானாலும் யூட் வீட்டில் வாசிப்பது அவருடைய பதினான்கு வயது மகள். இந்தக் கடிதத்தை எந்தத் தகப்பன் மகளிடம் நீட்டுவான்? அது என் மண்டையில் ஏறவே இல்லை.

3. மூன்று மாதம் கழித்து

அவசரப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். யூட் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பாதி குனிந்து நின்றார். வியர்வை ஒழுகியது. முதல் நாள் மாலையிலிருந்து ஒரு சொட்டுச் சலம் போகவில்லை. அடிவயிறு கல்லாக வீங்கியிருந்தது.

படுக்க வைத்துத் துணியை விலக்கினார்கள். நான் வழக்கம்போலச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அதே டாக்டர்தான். "மதோன்னா" என்று அவர் மூச்சோடு மாதாவைக் கூப்பிட்டது கேட்டது. தழும்பு சுருக்குப்போல முன்னால் மூடிவிட்டது, துவாரமே தெரியவில்லை, குழாய் போட வழியில்லை என்றார். வயிற்றில் துளைபோட்டுச் சலத்தை எடுத்துவிட்டு, மறுபடி வெட்ட வேண்டும். இன்னும் சுணங்கியிருந்தால் சிறுநீரகம் பழுதாகியிருக்கும். ஒரு மனிதனின் சொந்தத் தோல் அவனை இப்படி அடைத்துப் போடும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மருந்து பூசினாரா என்று கேட்டார் டாக்டர். மூன்று மாதமும் ஒருநாள் தவறாமல் பூசியிருக்கிறார், வெளித்தோலின் மேல். கடிதம் பர்ஸுக்குள் நாலாக மடித்தபடி கிடந்தது.

தோலைத் தினமும் பின்னுக்குத் தள்ளினாரா, கேள் என்றார் டாக்டர். கேட்டேன். இந்த முறை உறுப்பின் பெயரைச் சொல்லியே கேட்டேன். யூட் வலியோடு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பின்னுக்குத் தள்ளச் சொன்னவரோ? நீங்கள் அப்பிடிச் சொல்லேல்லையே, அக்கா."

என்ன சொல்கிறார் என்றார் டாக்டர். அந்த அறையில் இரண்டு பாஷையும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். 'மறந்துவிட்டாராம்' என்றால் போதும், காரியம் முடிந்தது. அந்த வசனம் நல்ல இத்தாலியனில் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதை நினைக்க இன்றைக்கும் எனக்கு என்மேல் பயமாக இருக்கிறது.

"நான் சொல்லவில்லை என்கிறார். உண்மைதான். வெட்கத்தில் விட்டுவிட்டேன்" என்றேன்.

டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கையுறையை மாற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். பின்னர் மேலிடத்திலிருந்து எனக்கு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. அது நியாயம்தான்.

யூட் தப்பிவிட்டார். இரண்டாம் முறை வீட்டுக்குப் போகும்போது, எதை, எப்படி, எத்தனை தரம் என்று ஒரு சொல் விடாமல் சொன்னேன். முகம் எரிந்தது. அவரைத் திருப்பிச் சொல்லவும் வைத்தேன். இப்போது ஆணானாலும் பெண்ணானாலும், தெரிந்தவரானாலும் தெரியாதவரானாலும் அப்படித்தான் செய்கிறேன். டாக்டர் சொன்னதை வெட்டிக் குறைக்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

நோயாளிக்குச் சந்தேகம் இருந்தால் அவரே கேட்பார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். அன்று புறப்படும்போது யூட் வாசலில் நின்று எனக்குச் சொன்னது இதுதான்.

"முதல்முறை டாக்டர் அவ்வளவு நேரம் கதைச்சவர். நீங்கள் ரெண்டு வசனம்தான் சொன்னியள். மிச்சம் எங்கையெண்டு கேக்க எனக்கும் வெக்கமாயிருந்தது, அக்கா."