தெற்குத் தெருவுக்கு வராத வண்டி

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. லூர்துமேரி பேசினாள். "சார், அம்மா பூட்டாங்க சார். காலையில கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தவங்கதான்." அவளுடைய அம்மா சகாயம்மாள் நம் ஊர்ப் பள்ளியில் இருபத்தைந்து வருஷம் சத்துணவு சமைத்தவர். அதே பள்ளியில் வாத்தியாராக இருந்த எனக்குச் சகாயக்கா. ஆறுதலாக நான் இரண்டு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். என் வாயில் வந்ததோ, "வண்டி கேட்டீங்களா?" என்பதுதான். அவள், "கேட்டோம் சார். கோயில் கமிட்டி கூடித்தான் சொல்லணுமாம்" என்றாள். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அது இன்னும் போகவில்லை, அதோடுதான் எழுதுகிறேன்.

சகாயக்காவின் சாம்பார் சாதத்தைச் சாப்பிட்டு வளர்ந்த உங்களுக்கு இது தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் கோயிலில் தூம்பா வண்டி ஒன்று உண்டு. சவப்பெட்டியை ஏற்றித் தள்ளிக்கொண்டு போகும் நாலு சக்கர வண்டி, உச்சியில் சிலுவை. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேர்ந்து செய்தது. வடக்குத் தெருவில் யார் செத்தாலும் வாசலுக்கே வரும். தெற்குத் தெருவுக்கு வராது. கேட்டால், "அங்க ரோடு சரியில்ல, அச்சு ஒடஞ்சிடும்" என்பார்கள். அங்கே சிமெண்ட் ரோடு போட்டு எத்தனையோ வருஷம் ஆகிறது. காரணம் சாதி, வேறொன்றும் இல்லை. ஒரே தொட்டியில் ஞானஸ்நானம், ஒரே பீடத்தில் நற்கருணை அப்பம், செத்தால் மட்டும் வேறு வேறு. நான் வடக்குத் தெருக்காரன். வண்டிக் கொட்டகையின் சாவி என் பெரியப்பா மகன் அந்தோணி அண்ணனிடம் இருக்கிறது.

சகாயக்காவின் கணவர் இறந்தது அடைமழைக் காலத்தில். மூங்கில் பாடையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி, பூட்டிய கொட்டகையைத் தாண்டித்தான் கோயிலுக்கு வந்தார்கள். அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு நேரம் வந்தது. யார் வேண்டுமானாலும் எழுந்து ஒரு வேண்டுதல் சொல்லலாம், சபை முழுவதும் பதில் சொல்லும், இதுதான் வழக்கம். சகாயக்கா எழுந்தார். "ஆண்டவரே, தூம்பா வண்டி எங்க தெருவுக்கும் வரணும்னு உம்மை மன்றாடுறோம்." எல்லோரும் பழக்கத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றோம். சொல்லி முடித்த பிறகுதான் எதைக் கேட்டோம் என்று வடக்குத் தெருவுக்கு உறைத்தது. அந்தப் பதிலை எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னது அந்தோணி அண்ணன். அடுத்த ஞாயிறும் அக்கா எழுந்தார். அதற்கடுத்த ஞாயிறும். கமிட்டிக்காரர்கள் மன்றாட்டுகளை அச்சடித்துக் கொடுத்து, இனி இதை மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்றார்கள். அக்கா அந்தத் தாளை வாசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருந்துவிட்டு, பிறகு எழுந்து தன்னுடையதைச் சொன்னார்.

அப்போதிருந்த ஃபாதர் ஒருநாள் அவரைக் கூப்பிட்டார். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன். "சாமி பாத்துக்கும்மா. பழிவாங்குறது அவரோட வேலைன்னு பைபிள்லயே இருக்கே, நீ எதுக்கு மனசைப் போட்டு அலட்டிக்கிற?" என்றார். சகாயக்கா கும்பிட்ட கையை இறக்கவில்லை. "அத நான் சொல்லணுங்க ஃபாதர். சாவிய வெச்சிக்கினு இருக்கிறவங்க சொல்லக்கூடாது." இன்றைக்கும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. அடிபட்டவன் பிடித்து எழுந்து நிற்பதற்காகக் கொடுக்கப்பட்ட வசனத்தை, அடித்தவன் எடுத்துத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொள்வதா?

நான் மட்டும் என்ன கிழித்தேன்? கலெக்டருக்கு மனு எழுதினேன். விழுப்புரத்தில் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்றேன். அந்தப் பெருமையைச் சமையல்கட்டில் போய்ச் சொன்னபோது, அக்கா அரிசி களைந்துகொண்டே கேட்டார்: "எழுதுங்க சார், வேணாங்கல. உங்க அண்ணன ஒரு வார்த்த கேட்டீங்களா?" கேட்கவில்லை. கலெக்டர் ஆபீஸுக்குப் போன கால்கள் மூன்று வீடு தள்ளி இருந்த அண்ணன் வாசலுக்குப் போகவில்லை. கெட்ட நீதிபதியிடம் ஓயாமல் போய் நின்று நியாயம் வாங்கிய சுவிசேஷத்து விதவையைப் பற்றி அக்கா அடிக்கடி பேசுவார். அன்றும் பேசினார். "அந்தம்மா கெட்ட ஜட்ஜுகிட்டயே உடாம போச்சி. நம்ம ஜட்ஜு நல்லவரு சார். எனக்கு இன்னா அவசரம்? அவரு எழுந்து கேக்கிற அன்னிக்கி உங்க தெருவுக்குத்தான் பேஜாரு." சொல்லிவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அக்கா செத்த செய்தி வந்த அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். "சாவியக் குடுண்ணா" என்றேன். "எனக்கு மட்டும் இன்னாடா வேண்டுதலா? தெரு ஒத்துக்கணும் இல்ல?" என்றார். சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. கடைசிவரை தரவில்லை. சகாயக்காவையும் நாலு பேர் தோளில்தான் சுமந்தார்கள், அதே கொட்டகையைத் தாண்டி.

பூசையில் அச்சடித்த தாளை வாசித்தார்கள். திருச்சபைக்காக, மழைக்காக, இறந்தவரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக. தாள் முடிந்தது. அக்கா எழுந்திருக்கும் நேரம் அது. அக்கா பெட்டிக்குள் இருந்தார். தெற்குத் தெருப் பெண்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வடக்கு வரிசையிலிருந்து நான் எழுந்தேன். அவர் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் சொன்னேன். தெற்குப் பக்கத்திலிருந்து பதில் கூரை அதிர வந்தது. வடக்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. முன்வரிசையில் இருந்த அண்ணனின் வாயும் பழக்கத்தில் அசைந்து, பாதியில் மூடிக்கொண்டது.

சகாயக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த ஒரு மன்றாட்டைத்தான். இனி ஞாயிறுதோறும் அதை நான் சொல்வேன். கடவுள் நியாயம் தீர்ப்பார் என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன், அதனால்தான் பயமாக இருக்கிறது. கடவுள் எழுந்து கேட்கிற நாளில் முதலில் என்னைத்தான் கேட்பார்: "சாவி உன் அண்ணனிடம்தானே இருந்தது? எத்தனை தடவை போய்க் கேட்டாய்?"

இதுவரை ஒரே ஒரு தடவை. அதுவும் அக்கா செத்த பிறகு.