பல்வலி எல்வின்

கும்ஹெலிக் என்ற சுரங்க ஊரில் தடுக்கி விழுந்தால் ஹவல்ஸ் என்ற குடும்பப்பெயர் உள்ள ஒருவர் மேல்தான் விழ வேண்டும். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே செல்லாது, ஊர் வைப்பதுதான் பெயர். ஊருக்கோ இரக்கம் கிடையாது. ஒருநாள் சறுக்கினால் அதைக் கல்லறை வரைக்கும் சுமக்க வேண்டியதுதான். எல்வின் ஹவல்ஸ் பாதி ஆயுளைப் பூமிக்கு அடியில் கரி வெட்டியே கழித்தவர். அவருக்குக் கிடைத்த பெயர் பல்வலி எல்வின்.

ஒரு மார்ச் மாதக் காலையில் கடைவாய்ப்பல் வீங்கி அவர் வேலைக்குப் போகவில்லை. சுரங்கத்தில் சேர்ந்து வெட்டுகிறவர்கள் பங்காளிகள். எல்வினின் பங்காளி பிரின்லி. அன்றைக்கு எல்வின் இடத்தில் பிரின்லியோடு இறங்கியவர் ஹேடன் ஹவல்ஸ். மதியம் கூரை சரிந்தது. பிரின்லி செத்துப்போனார். ஹேடனை மறுநாள் காலை உயிரோடு தோண்டி எடுத்தார்கள். அதிலிருந்து அவர் கல்லுக்கடி ஹேடன், எல்வினோ ஊர் சிரிக்கும் பல்வலி எல்வின்.

சுரங்கத்தை மூடி, பல காலம் பூட்டி வைத்து, பிறகு அதையே வேடிக்கை பார்க்கும் இடமாக்கினார்கள். வழிகாட்டிகளாக இரண்டு கிழவர்களுக்கும் வேலை கிடைத்தது. எல்வின் ஆட்களைக் கூண்டில் இறக்கிய ராட்சதச் சக்கரத்தைக் காட்டுவார், விளக்கறையைக் காட்டுவார், நிலத்தடிக் குதிரை லாயத்தைக் காட்டுவார். வெளியே வந்ததும், அதோ அந்தப் பச்சை மலை மலையே அல்ல, நாங்கள் கொட்டிய கழிவு என்பார். அதன்மேல் ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கம்பளக் கடையாகிவிட்ட தேவாலயத்தையும், கறுப்பாக ஓடிய ஆற்றில் இப்போது மீன் பிடிக்கிறவர்களையும் காட்டுவார். ஜனங்கள் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு, அவர் தோளுக்கு மேலாக ஹேடன் நிற்கும் பக்கமே பார்ப்பார்கள். அங்கேதான் கைக்குட்டைகள் வெளியே வரும்.

கல்லுக்கு அடியில் கிடந்த கதையை ஹேடனுக்குச் சொல்லவே வராது. பாதியில் இருமுவார். அதைத் தொண்டை அடைப்பதாக நினைத்து மக்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். இருமலுக்கெல்லாமா அழுவார்கள் என்று எல்வினுக்கு வயிறு எரியும். என் இடம், என் பங்காளி, என் தலையில் விழவேண்டிய கல், பெயர் மட்டும் அவனுக்கா? மனைவி டிலிஸ் காது புளிக்கக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னாள்:

"கல்லு தன் தலையில விழலையேன்னு பொறாமைப்படுற ஆம்பளைய இந்த ஒரு வீட்டுலதான் பாக்கலாம்."

சொன்னால் போய்விடுமா? அது பங்காளிக் காய்ச்சல், அதற்கு மாத்திரை கிடையாது.

ஒரு சனிக்கிழமை ஹேடன் நெஞ்சுச் சளியோடு படுத்துவிட்டார். இரண்டு பேருந்துக் கூட்டமும் எல்வின் தலையில் விழுந்தது. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஹவல்ஸ் என்று மட்டும்தான் இருந்தது. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், கல்லுக்கு அடியில் மாட்டிக்கொண்ட ஹவல்ஸ் நீங்கள்தானா என்று கேட்டாள். உள்ளூர்க்காரி யாரும் அப்படிக் கேட்டிருக்க மாட்டாள்.

"நான்தாம்மா" என்றார் எல்வின்.

அப்புறம் சொன்னார் பாருங்கள்! இத்தனை வருஷம் ஹேடனின் முதுகுக்குப் பின்னால் நின்று கேட்ட கதை. அதில் சொட்டும் தண்ணீரைச் சேர்த்தார், எலிகளைச் சேர்த்தார், சரியான இடத்தில் இருமலைக்கூடச் சேர்த்தார். கூட்டம் விம்மியது. அந்தச் சுகத்தில் அவர் மிதந்துகொண்டிருந்தபோது அந்தப் பெண் அருகில் வந்தாள். பெயர் நெரிஸ். பிரின்லியின் மகள். அவளைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு தாய் பிரிஸ்டலுக்குப் போய்விட்டாளாம். ஊருக்கு இப்போதுதான் வருகிறாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னாரு?"

எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். ஆனால் செத்தவன் சொந்தப் பங்காளி. கூட்டத்தில் பேசுகிற பேச்சில்லை இது, இத்தாலிக்காரன் தேநீர்க்கடையில் உட்கார்ந்திரு, வருகிறேன் என்று அவளை அனுப்பிவிட்டு மேட்டில் ஏறி ஹேடன் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் வெட்கம் பாதி, கோபம் பாதி. கடைசி வார்த்தை என்று ஒன்று இருந்திருக்கிறது, பயல் அதை ஒருவருக்கும் சொல்லாமல் தனக்கென்றே வைத்துக்கொண்டான்!

ஹேடன் தலையணையில் சாய்ந்து, மூக்கில் பிராணவாயுக் குழாயோடு இருந்தார். எல்வின் தான் செய்ததை எல்லாம் சொல்லிவிட்டார். ஹேடன் கோபப்படவில்லை. இருமலையும் சேர்த்தாயா என்று மட்டும் கேட்டுச் சிரித்தார்.

"பிரின்லி என்னடா சொன்னான்?"

"வேண்டாம்டா."

"அவன் மக கேக்குறா."

ஹேடன் கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எல்வின் கொடுத்து வச்சவன்டா, இந்நேரம் கட்டில்ல படுத்துக்கிட்டு டிலிஸ்கிட்ட டீ கேட்டுக்கிட்டு இருப்பான்னான். மூச்சு நிக்கிற வரைக்கும் அதையேதான் சொன்னான். வாய் நெறைய பொறாம. நானும் ஆமாடான்னேன்."

இருமல் வந்தது. அது அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

"இப்பவும் அதையேதான் சொல்றேன்" என்றார். "உன் நெஞ்சு நல்லா இருக்கு. உன் பொண்டாட்டி இருக்கா. நீ என்னடான்னா என் இருமலத் திருடிட்டுப் போற."

எல்வின் எழுந்து புறப்பட்டார். இறங்கும்போது மேடு ஏறியதைவிடக் கடினமாக இருந்தது.

தேநீர்க்கடையில் நெரிஸ் ஆறிப்போன தேநீரோடு காத்திருந்தாள். எல்வின் தொப்பியைக் கழற்றினார். கல்லுக்கு அடியில் இருந்தது தான் இல்லை என்றார். பிரின்லி சொன்னதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். அன்றைக்குப் பல்வலி என்று கட்டிலில் படுத்திருந்த அந்த ஆள் நான்தான் என்றும் சொன்னார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

நெரிஸ் அவர் முகத்தையே பார்த்தாள். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பார்.

"நெஜமாவே வலிச்சுதா?" என்றாள்.

"வலிச்சுதும்மா."

அந்த ஊரில் ஒருவர் சிரிக்காமல் அவரிடம் அதைக் கேட்டது அன்றைக்குத்தான்.