தலையாட்டியின் ஜன்னல்

இது சுவிஸில், கூர் நகரத்தில் நடந்தது. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும். மதுஜாவுக்கு அதைப் பற்றிக் கவலையில்லை.

முதியோர் இல்லத்தில் அவள் தாதி. மூன்றாம் மாடியில் இருந்த விஜிதரனுக்கு ஜெர்மன் மறந்துபோயிருந்தது. தமிழ் தெரிந்தவள் என்று அந்த ஆளை அவளிடம் தள்ளிவிட்டார்கள். கழுவினாள், துடைத்தாள், ஊட்டினாள். ஒருநாளும் ‘ஐயா’ என்று கூப்பிட்டதில்லை. அந்தச் சொல் அவனுக்கு அதிகம்.

யாழ்ப்பாணம் ஆமியின் கையில் இருந்த காலத்தில் அவன் தலையாட்டி. தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. இராணுவப் பொலிஸ் ஊர்ப் பெடியன்களை வரிசையில் நிறுத்தும். உளவாளி, குண்டு வைக்கிறவன் என்று காட்ட இவன் தலையாட்டினால் போதும். அந்தப் பெடியன் வீடு திரும்பமாட்டான்.

“பாதிப் பேரை ஆரெண்டே எனக்குத் தெரியாது,” என்றான் ஒருநாள், சோற்றை மென்றபடி. “சும்மாதான் ஆட்டினனான்.”

சிரிப்பு வேறு.

கரண்டியை முகத்தில் எறியலாம் போலிருந்தது. வாயைத் துடைத்துவிட்டாள்.

தை மாதம். மதியம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

“பிள்ளை... என்ரை முகத்தை மூடிவிடு.”

“ஏன்?”

“வந்திட்டாங்கள். வரிசையாய் நிக்கிறாங்கள்.”

“உங்களைப் பாக்க ஆர் வரப்போகினம்?”

அவன் ஜன்னலைக் காட்டினான். ஒருவருமில்லை. ஆனால் கண்ணாடியில் வட்டமாக ஒரு ஆவிப்படலம்... யாரோ முகத்தை ஒட்டவைத்து மூச்சு விட்டதுபோல.

பக்கத்தில் இன்னொன்று.

இன்னொன்று...

துணியால் தேய்த்தாள். போகவில்லை.

வெளிப்பக்கம்.

அந்த ஜன்னலுக்கு பல்கனி கிடையாது.

“ஆட்டமாட்டன்... இனி ஆட்டமாட்டன்...”

இரண்டு கையாலும் தன் தலையை இறுக்கிப் பிடித்தான். தலை ஆடியது. பின்மயிரைப் பிடித்து யாரோ ஆட்டுவதுபோல.

டக்.

டக்.

நின்றது.

மாரடைப்பு என்றார் டாக்டர். மதுஜாவுக்குக் கண்ணீர் வரவில்லை. தொலைந்தான் என்றுதான் இருந்தது. கட்டில் விரிப்பை மாற்றிவிட்டுக் கீழே இறங்கினாள்.

வரவேற்பில் இருந்த சுவிஸ்காரி அவளை மறித்தாள்.

“உங்கள் ஆட்கள்தானே இப்போது வெளியே போனார்கள்? எல்லாரும் இளம்பிள்ளைகள். இந்தப் பனியில் காலில் செருப்புக்கூட இல்லை! எந்த ரயில் பிடிப்பது என்று கேட்டார்கள். சொல்லி அனுப்பினேன்.”

“எங்கே போகவாம்?”

“அட்லிஸ்வில்.”

மதுஜாவின் அப்பா அட்லிஸ்வில்லில்தான் இருக்கிறார். யுத்தகாலத்தில் என்ன செய்தார் என்று அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

அவளும் கேட்டதில்லை.