நான் திரும்பச் சேர்க்காத போர்ட்

பிடுங்கிய கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சர்வர் அறையின் ஏசி இரைச்சலில் முதலில் எதுவும் தெரியவில்லை. பிறகு மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது. அதை எடுப்பதற்குள் என் செல்போனும் அடித்தது. லேபிலிருந்து எந்த வார்டுக்கும் ரிசல்ட் போகவில்லை என்றார்கள்.

திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் கணினிப் பிரிவுக்கு நான் அப்போது பொறுப்பாளன். டீச்சர் என்று நாங்கள் அழைத்தவர் எங்கள் நெட்வொர்க் பொறியாளர். முன்பு பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவர். எதைத் தொடுவதற்கு முன்பும் எது எது இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். "என்ன டீச்சர், அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?" என்று லேப் ஆட்கள் சீண்டுவார்கள். "எல்லாரும் வந்தாச்சு, நீங்கதான் லேட்டு. வெளியே நில்லுங்க" என்பார். ஒப்பந்த வேலையில் இருந்தார். அந்த மாதம் நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. தனியாக மகளை வளர்த்துவந்தவருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது எனக்குத் தெரியும்.

லேப் சர்வரில் நெட்வொர்க் கேபிள் செருகும் இரண்டு போர்ட்களை ஒன்றாக இணைத்து ஒரே பாதையாக வைத்திருந்தோம். பாண்டிங் என்பது அதன் பெயர், எங்கள் பேச்சில் ஜோடி. ஒன்று போனாலும் மற்றது தாங்கும். சில வாரங்களுக்கு முன் ஒரு மென்பொருளைச் சோதிப்பதற்காக, அதே சர்வருக்குள் நேம்ஸ்பேஸ் என்னும் தனி அறை ஒன்றை உருவாக்கியிருந்தேன். அதன் உள்ளே இருப்பது வெளியே தெரியாது, வெளியே இருப்பது உள்ளே தெரியாது. ஜோடியிலிருந்து ஒரு போர்ட்டை எடுத்து அதற்குள் வைத்தேன். சோதனை முடிந்ததும் அறையை அழித்தேன். போர்ட் வெளியே வந்துவிட்டது. ஆனால் அது தானாகப் போய் ஜோடியில் சேராது, நாம்தான் சேர்க்க வேண்டும். போர்ட்டை இயக்கினேன், பச்சை விளக்கு எரிந்தது, கிளம்பிவிட்டேன். அன்று ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம். பாலத்தில் வண்டிகள் தேங்குவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம். அதன்பிறகு அந்தச் சர்வர் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது, யாருக்கும் தெரியாமல்.

டீச்சர் மாற்ற வந்தது அந்த ஒற்றைக் காலின் கேபிளைத்தான். அதன் கிளிப் உடைந்திருந்தது. வழக்கம்போல் சரிபார்க்கக் கணினிப் பக்கம் போனவரை நான்தான் நிறுத்தினேன். "ரெண்டும் இருக்கு டீச்சர், நானே பாத்தேன். நீங்க எடுங்க" என்றேன். நான் பார்த்திருந்தது விளக்கை மட்டும்.

கேபிளை உடனே திரும்பச் செருகினார். ஆனால் லேப் மென்பொருள் மறுபடி எழுந்து நிற்க வெகுநேரம் பிடித்தது. அட்டெண்டர்கள் ரிசல்ட் சீட்டுகளோடு படிகளில் ஓடினார்கள். ஓர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிவைத்தார்கள். அதற்குள் டீச்சர் காரணத்தைக் கண்டுபிடித்திருந்தார். "சார், ஜோடியில ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு தனியா சும்மா நிக்குது. யாரு எடுத்திருப்பாங்க?"

எனக்கு அந்த நொடியே நினைவு வந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

நிர்வாக அலுவலர் வந்து, "யாரு கேபிளைக் கழட்டினது?" என்று கேட்டார். டீச்சர் என்னைப் பார்த்தார். நீங்கள்தானே எடுக்கச் சொன்னீர்கள் என்று அவர் சொல்லவில்லை, நானே சொல்வேன் என்று காத்திருந்தார். "டீச்சர்தான் சார். பாத்துட்டு எடுத்திருக்கணும்" என்றேன். அந்த மாதம் அவரை நிரந்தரமாக்கவில்லை. ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. போகும்போது, "மன்னிச்சுக்கங்க சார், உங்களுக்கும் கெட்ட பேரு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் ஆகின்றன. போன மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. துவாக்குடியில் சிறிய கம்ப்யூட்டர் பயிற்சி நிலையம் நடத்துகிறாராம். "பிள்ளைங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசணும், வாங்க சார்." போனேன். கடைசி பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டுப் பாடம் எடுத்தார். நேம்ஸ்பேஸ், பாண்டிங் எல்லாம் சொல்லிவிட்டு, "இப்ப நான் செஞ்ச ஒரு முட்டாள்தனத்தைச் சொல்றேன்" என்று ஆரம்பித்தார். ஒருவன், "மேடம், இது பத்தாவது தடவை" என்றான். "பதினோராவது தடவையும் கேளு, அப்பதான் உன் மண்டையில ஏறும்" என்று அவனை அடக்கிவிட்டு, அந்த நாளின் கதையைத் தன் தவறாகவே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

டீ இடைவேளையில் வராந்தாவில் வைத்துச் சொல்லிவிட்டேன். "அந்தப் போர்ட்டை எடுத்தது நான்தான் டீச்சர்."

அவர் டம்ளரைச் சுவர்மேல் வைத்தார். "தப்பு யாருக்கும் வரும் சார்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அன்னிக்கு ஆபீசர் வந்து கேட்டப்பவே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவர் டம்ளரை எடுத்து மீதி டீயைக் கீழே ஊற்றினார். பிறகு, "உள்ள வாங்க. இத்தனை வருஷமா பிள்ளைங்களுக்குத் தப்பான கதையைச் சொல்லிட்டிருக்கேன். நீங்களே சரியாச் சொல்லிடுங்க" என்றார்.

சொன்னேன். அறையை அழித்ததையும், போர்ட்டைச் சேர்க்க மறந்ததையும், விளக்கை நம்பி டீச்சரைத் தடுத்ததையும் சொன்னேன். தவறு அவருடையது அல்ல, என்னுடையது என்றேன். அங்கே நிறுத்திவிட்டேன். இந்த வயதில் இப்படி வந்து ஒப்புக்கொள்கிறாரே என்று பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். டீச்சர் கதவருகே நின்றிருந்தார். அவர் தட்டவில்லை, மீதியையும் சொல்வேன் என்று காத்திருந்தார். நான் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மீதியை இங்கே எழுதுகிறேன். நிர்வாக அலுவலர் கேட்டபோது எனக்குத் தெரியும். தெரிந்துதான் டீச்சரைக் கைகாட்டினேன்.