தேவாலய வாசலில் எட்டுச் சப்பாத்துகள்

லண்டனுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே சப்பாத்துகளைத் தொலைத்தோம். அப்போது நாங்கள் குடியேறிய டூட்டிங் பகுதியில் தமிழ் முகத்தைக் காண்பது அரிது. யாழ்ப்பாணத்தில் செய்வதுபோல அம்மா தேவாலய வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். ஓராண்டு முன்னரே வந்திருந்த அப்பா தயங்கினார்; அம்மா பார்த்த பார்வையில் அவரும் கழற்றினார். அண்ணனும் நானும் கழற்றினோம். மொத்தம் எட்டு. ஏழு வயதில் எனக்கிருந்த, எதையும் எண்ணிவைக்கும் வியாதி எழுபத்து மூன்று வயதிலும் தீரவில்லை.

ஆராதனை முடிந்து வந்தால் ஒன்றையும் காணோம். குப்பையென்று நினைத்துத் தொட்டியில் போட்டுவிட்டதாக வாசலில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் சொன்னார். சொல்லும்போது எங்கள் கால்களைப் பார்த்தாரே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. குப்பைக்குள் கைவிட அம்மா யாரையும் விடவில்லை. ஈர நடைபாதையில் காலுறையோடு வீடு வந்தோம்.

அடுத்த ஞாயிறு தங்கைக்கு ஞானஸ்நானம் என்று முடிவாகியிருந்தது. கப்பலிலேயே காய்ச்சலில் கிடந்த குழந்தை. தள்ளிப்போடக் கூடாதென்று அவசரப்படுத்தியவரே அம்மாதான்.

“சப்பாத்தை இல்லை, எங்களைத்தான் எறிஞ்சவர். இனி நான் அங்கை வரமாட்டன்,” என்றார் அம்மா.

“அப்ப பிள்ளைக்கு?” என்றார் அப்பா.

“குழாய்த் தண்ணியிலை நீங்களே குடுங்கோ.”



அன்று பிற்பகலே போதகர் வீட்டுக்கு வந்தார். எட்டுச் சப்பாத்தும் கழுவித் துடைத்தபடி அவர் பையில் இருந்தன. கோட்டுக் கையில் தேயிலைச் சக்கை ஒட்டியிருந்தது. ஏன் கழற்றினீர்கள் என்று கேட்டார். கும்பிடுகிற இடத்தில் சப்பாத்தோடு நிற்பதில்லை என்று அம்மா சொன்னதை அப்பா ஆங்கிலத்தில் சொன்னார்.  போதகர் தங்கையின் நெற்றியில் கைவைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

“வாசல்மட்டும் வாறன்,” என்றுதான் அடுத்த ஞாயிறு அம்மா புறப்பட்டார். வாசலில் போதகரின் பெரிய கறுப்புச் சப்பாத்துகள் கிடந்தன. பக்கத்தில் அந்தக் கிழவர், தாமும் கழற்றிவிட்டு, காவலுக்கு நின்றார். அம்மா கழற்றியதும் அவர் சிரமப்பட்டுக் குனிந்து அவற்றைச் சேர்த்து வைத்தார்; மன்னிக்கும்படி முணுமுணுத்தார். “ஓம், ஓம்,” என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போனார்.

தண்ணீர் பட்டதும் தங்கை வீறிட்டாள். அம்மா லண்டனில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

முந்தைய ஞாயிறு வெள்ளைக்காரர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த வாங்குகளில் முப்பத்தொரு இடம் வெறுமையாக இருந்தது. போதகர் அவற்றை ஒருமுறை பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். நானோ, எங்களுக்காகப் போதகர் எவ்வளவு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார் என்று அண்ணனின் காதில் சொல்லி, காலை நன்றாக நீட்டி உட்கார்ந்தேன்.